விடைபெற்றுச் சென்ற மருத்துவர்: அன்னா டெங்கல் அம்மையார்

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி)

சென்ற ஆண்டு எங்கள் விடுதியில் அயல்நாட்டு அக்கா ஒருவர் தங்கியிருந்தார். கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் ஒன்றின் மூலமாக ஓராண்டு பணிசெய்ய வந்தவர். மாலை நேரங்களில் எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். சிறு பிள்ளைகளுக்குத் தலை வாரிப் பின்னிவிடுவார். குழம்பில் காரம் அதிகமானால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுவாரே தவிர, வேண்டாம் என்று ஒதுக்கமாட்டார். ஏப்ரல் மாதத்தில் அவருடைய ஓராண்டு முடிந்தது. வழியனுப்ப எல்லாரும் வாசலில் கூடினார்கள். பாட்டுப் பாடினார்கள், மாலை போட்டார்கள், அழுதார்கள். நான் மட்டும் படிப்பறையைவிட்டு வெளியே வரவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. போவதற்காகவா ஒருவர் இவ்வளவு தூரம் வரவேண்டும்? எங்களுடைய பெயர்களையெல்லாம் சரியாக உச்சரிக்கப் பழகிய நேரத்தில் பெட்டியைக் கட்டினால் என்ன நியாயம்?

நூலகத்தைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர் இதைக் கண்டுகொண்டார்கள். கண்டிக்கவில்லை. அன்னா டெங்கல் என்ற பெயரை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்து, ஆண்டு மலருக்கு இவரைப் பற்றி எழுதேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே, தோழியரே, நான் இந்தக் கட்டுரையைப் பக்தியோடு தொடங்கவில்லை, கொஞ்சம் கோபத்தோடுதான் தொடங்கினேன்.

ஆஸ்திரியா நாட்டின் மேற்கே டிரோல் என்னும் மலைப் பிரதேசம் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே லெக் என்ற ஆறு ஓடும் பள்ளத்தாக்கில் ஸ்டேக் என்றொரு சிற்றூர். அங்கே 1892ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் அன்னா பிறந்தார். வீட்டில் அவரே மூத்த பிள்ளை. சிறு வயதிலேயே தாயை இழந்தார். மூத்த பெண்ணாய்ப் பிறந்து தாயையும் இழந்த வீட்டில் என்னென்ன வேலைகள் தலையில் விழும் என்பதை நம்மில் சிலருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் ஹால் என்ற ஊரில் கன்னியர் நடத்திய விடுதிப் பள்ளியில் சேர்ந்து படித்தார். படிப்பு முடிந்ததும் பிரான்சு நாட்டின் லியோன் நகருக்குச் சென்று, மாணவிகளுக்கு ஜெர்மன் மொழி கற்பித்தார். நல்ல வேலைதான். ஆனால் அதிலேயே நின்றுவிட அவருக்கு மனமில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆக்னஸ் மக்லாரன் என்ற பெயர் அவர் காதில் விழுந்தது. இந்த மூதாட்டியைப் பற்றிச் சொல்லாமல் அன்னாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

ஆக்னஸ் மக்லாரன் 1837இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பெண்களை மருத்துவக் கல்லூரிகள் சேர்த்துக்கொள்ளாத அந்தக் காலத்தில் பிரான்சின் மோன்பெல்லியே நகருக்குச் சென்று படித்து, 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அறுபது வயதைக் கடந்த பின் கத்தோலிக்கரானார். அந்த வயதில் மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்திருப்பார்கள். இவரோ வட இந்தியாவின் ராவல்பிண்டி நகரத்துப் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தூக்கத்தை இழந்தார்.

அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது? அப்பகுதியில் கோஷா முறை கடுமையாக இருந்தது. குடும்பத்துக்கு வெளியே உள்ள ஆண் எவரும் பெண்ணைப் பார்க்கக்கூடாது, ஆண் மருத்துவரும் பார்க்கக்கூடாது. பிரசவம் சிக்கலானால் தாயும் சேயும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். இதைப் படிக்கும்போது ஏதோ தொலைதூரத்துக் கதை என்று எண்ணவேண்டாம். சென்னைத் திருவல்லிக்கேணியில் உள்ள பெரிய மகளிர் மருத்துவமனையைப் பெரியவர்கள் பலர் கோஷா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். அந்தப் பெயர் எதனால் வந்தது என்று எண்ணிப் பாருங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம் தாய்மார், பெண் மருத்துவர் இல்லாத காரணத்தால் இறந்ததைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் அம்மையார் மருத்துவம் படிக்கப் போனார் என்பதும் நாம் அறிந்ததே. அறிவியல் பாடத்தில் வைட்டமின் ‘டி’யைப் பற்றிப் படிக்கிறோம் அல்லவா? பல ஆண்டுகள் வெயிலே படாமல் வாழும் பெண்களுக்கு எலும்பு மெலிந்து வளைந்துவிடும். இடுப்பெலும்பு அப்படிக் குறுகிப்போனால் குழந்தை வெளியே வர வழி இருக்காது. இத்தகைய பிரசவத்தை ஊர் மருத்துவச்சியால் மட்டும் சமாளிக்க முடியாது. அறுவை தெரிந்த மருத்துவர் வேண்டும், அவரும் பெண்ணாக இருக்கவேண்டும்.

ஆக்னஸ் அம்மையார் லண்டனில் குழு ஒன்றை அமைத்துப் பணம் திரட்டினார். 1909இல் ராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகப் புனித கத்தரீன் மருத்துவமனை எழுந்தது. மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புக் கன்னியர் அங்கே பணிபுரிந்தனர். நம்முடைய உதகமண்டலத்தில் வேர்விட்ட சபை அது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். எழுபது வயதைக் கடந்த ஆக்னஸ், கப்பலேறி இந்தியாவுக்கே வந்து பார்த்துச் சென்றார்.

ஆனால் ஒரு பெரிய தடை இருந்தது. துறவறத்தார் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் தடுத்தது. கன்னியர் பிரசவம் பார்ப்பது அறவே கூடாது. நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கலாம், புண்ணைக் கழுவலாம், அவருக்காகச் செபிக்கலாம். ஆனால் அடுத்த அறையில் பிரசவ வேதனையில் ஒரு தாய் துடித்தால் உள்ளே போய்க் கைகொடுக்கக்கூடாது! இந்தச் சட்டத்தை மாற்றக் கோரி ஆக்னஸ் பலமுறை உரோமைக்குப் போய் விண்ணப்பித்தார். பலன் இல்லை. அதனால் துறவறம் பூணாத பெண் மருத்துவர்கள் யாராவது ராவல்பிண்டிக்குப் போகமாட்டார்களா என்று ஐரோப்பா எங்கும் தேடிக்கொண்டிருந்தார்.

டிரோல் மலைநாட்டுப் பெண்ணின் கடிதம் இந்த முதியவருக்குக் கிடைத்தது. இருவருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த இந்தியாவில் மருத்துவம் செய்வதற்கு ஏற்ற பட்டம் வேண்டுமாதலால் அயர்லாந்தின் கார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் படிக்குமாறு ஆக்னஸ் வழிகாட்டினார். ஆனால் 1913 ஏப்ரல் 17ஆம் நாள் ஆக்னஸ் இறந்துபோனார். அன்னா அவரை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வழிகாட்டியவரும் போய்விட்டார், ஆங்கிலமும் அன்னாவின் தாய்மொழியன்று. இந்த நிலையில் வேறொருவர் வீட்டுக்குத் திரும்பியிருப்பார். அன்னா அதே ஆண்டில் கார்க் நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. ஆஸ்திரியா ஒரு பக்கம், பிரிட்டன் எதிர்ப்பக்கம். அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால், பாடம் படிக்கப்போன பெண் திடீரென்று பகைநாட்டுக் குடிமகள் ஆகிவிட்டார். பரீட்சை என்றாலே நமக்குக் காய்ச்சல் வருகிறது. போர்க்காலத்தில், அயல்மொழியில், சந்தேகக் கண்களுக்கு நடுவே உடற்கூறும் அறுவை மருத்துவமும் படித்துத் தேறுவதை எண்ணிப் பார்க்கவே மலைப்பாக இருக்கிறது. 1919இல் பட்டம் பெற்றார். இந்தியாவுக்குச் செல்ல அனுமதி கிடைக்கும்வரை இங்கிலாந்தில் சில மாதங்கள் உதவி மருத்துவராகப் பணிசெய்தார். 1920ஆம் ஆண்டு ராவல்பிண்டியை வந்தடைந்தபோது அவருக்கு வயது 28.

அவர் அப்போது கன்னியர் சபையைச் சேர்ந்தவர் அல்லர். மதர் என்றோ சிஸ்டர் என்றோ யாரும் அவரை அழைக்கவில்லை. நம் அக்காவைப் போலத் தொண்டுசெய்ய வந்த ஒரு பெண். இதை நான் இரண்டாம் முறை படிக்கும்போதுதான் கவனித்தேன்.

ராவல்பிண்டியில் நான்கு ஆண்டுகள். காலையில் கதவு திறக்கும் முன்பே பெண்கள் வந்து காத்திருந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள், பிரசவத்தில் மோசமாகி மூன்றாம் நாள் கொண்டுவரப்பட்டவர்கள், இரத்தமே இல்லாமல் வெளுத்துப்போனவர்கள், இன்னும் பலர். வேலையோ பெரும்பாலும் அன்னா ஒருவரின் தலைமேல். அருகிலேயே நல்ல உள்ளம் படைத்த கன்னியர் இருந்தார்கள். ஆனால் பிரசவ அறையில் அவர்களுடைய கைகளைச் சட்டம் கட்டிப்போட்டிருந்தது. அன்னா எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று எழுதுவது எளிது. எத்தனை பேரைப் பார்க்க நேரமில்லாமல் திருப்பி அனுப்ப வேண்டியிருந்திருக்கும் என்று எண்ணும்போதுதான் அவருடைய இரவுகள் எப்படி இருந்திருக்கும் என்பது புரிகிறது.

அவருடைய உடல் தளர்ந்தது. மனமும் சோர்ந்து இருண்டது. புனிதர்களின் வரலாறுகளில் இப்படிப்பட்ட பக்கங்களைச் சிலர் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கோ இந்தப் பக்கத்தில்தான் அவர் மிகவும் நெருங்கியவராகத் தெரிந்தார். சேவை செய்யப் போனவருக்குச் சோர்வு வரக்கூடாது என்று யார் சொன்னது?

அவருக்குத் தேவ அழைத்தல் இருக்கலாம் என்று குருவானவர் ஒருவர் அவரிடம் எடுத்துச் சொன்னார். அன்னாவும் கன்னியர் சபையில் சேர்ந்துவிடலாமா என்று யோசித்தார். ஆனால் வார்த்தைப்பாடு கொடுத்து முக்காடு அணிந்த மறுநாளே அவர் பிரசவ அறையைவிட்டு வெளியேற வேண்டும். கடவுளுக்குத் தன்னை முழுவதும் கொடுத்தால் மருத்துவத்தைக் கைவிடவேண்டும், மருத்துவத்தைப் பிடித்துக்கொண்டால் துறவறம் இல்லை. இரண்டில் ஒன்று என்று எல்லாரும் சொன்ன இடத்தில், இரண்டும் ஏன் ஒன்றாக இருக்கக்கூடாது என்று அவர் கேட்கத் தொடங்கினார்.

இதே வேளையில் நமக்கு மிக அருகே, ஆந்திரத்தின் குண்டூரில், வேறொரு பெண் மருத்துவர் இருந்தார். அவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மேரி குளோரி. ஆக்னஸ் மக்லாரனைப் பற்றிய ஒரு சிறு வெளியீட்டைப் படித்ததனால் உள்ளம் தூண்டப்பட்டவர் அவர். அன்னா வந்த அதே 1920இல் மெல்போர்னிலிருந்து வந்து கன்னியர் சபையில் சேர்ந்தார். அவர் மட்டும் மருத்துவம் செய்வதற்குப் பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் தனி அனுமதி அளித்தார். மேரி குளோரி தம் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1957இல் பெங்களூரில் இறந்தார். ஒரே மூதாட்டியால் தூண்டப்பட்டு, ஒரே ஆண்டில், ஒரே நாட்டுக்கு வந்த இரு மருத்துவர்களில் ஒருவர் கடைசிவரை தங்கினார், மற்றவர் நான்காம் ஆண்டில் விடைபெற்றார். இதைப் படித்தபோது என்னுடைய கோபம் மீண்டும் தலைதூக்கியது. குளோரி அம்மையாரைப் பற்றியே எழுதிவிடலாமா என்றுகூட நினைத்தேன். தங்கியவர்தானே பெரியவர்?

1924இல் அன்னா ராவல்பிண்டியிலிருந்து புறப்பட்டார்.

இந்த விடைபெறுதலைப் புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. எனக்கு அது திருப்தியாக இல்லை. மறுநாள் காலையிலும் அந்தக் கதவுக்கு வெளியே பெண்கள் வந்து நின்றிருப்பார்கள் அல்லவா? தம்மைத் தேடி வந்தவர்களை விட்டுவிட்டு ஒரு மருத்துவர் எப்படிப் பெட்டியைக் கட்டினார்? அவர் கல்நெஞ்சக்காரர் என்றால் இந்தக் கேள்வியே எழாது. நான்கு ஆண்டுகள் தம் உடலை உருக்கி உழைத்தவர் என்பதால்தான் கேட்கிறேன். அவர் ஒரு கணக்குப் போட்டிருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தாம் ஒருவரே இங்கே இருந்து உழைத்தால், தம் உயிர் உள்ளவரை ஒரு மருத்துவரின் வேலை நடக்கும். தாம் விழுந்த அன்றே கதவு மூடப்படும். ஆக்னஸ் இறந்த பிறகு நடந்தது அதுதானே! ஒருவர் போனால் அடுத்தவர் வருவாரா என்று ஒவ்வொரு முறையும் கடலைப் பார்த்துக் காத்திருக்கவேண்டும். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, காத்திருப்பவர்களின் முகத்தைப் பார்த்துப் போய்வருகிறேன் என்று சொல்வது சுலபமாகவா இருந்திருக்கும்?

ஊர் திரும்பிய அன்னா, இன்ஸ்புருக் நகரில் சேசு சபைக் குரு ஒருவரின் வழிகாட்டுதலில் ஞான ஒடுக்கம் செய்தார். புதிய சபை ஒன்றைத் தொடங்கும்படி அவர் ஊக்கம் கொடுத்தார். அதன்பின் அன்னா அமெரிக்காவுக்குச் சென்றார். இந்தியப் பெண்களின் நிலைமையை எடுத்துச் சொல்லி, ஆதரவும் பணமும் தேடினார். திருச்சிலுவைச் சபைக் குருவான மைக்கேல் மேதிஸ் அடிகளார் அவருக்கு உறுதுணையாக நின்றார். பால்டிமோர் பேராயரின் அனுமதியும் கிடைத்தது. 1925 செப்டம்பர் 30ஆம் நாள் வாஷிங்டன் நகரில் நான்கு பெண்கள் ஒரு வீட்டில் கூடி வாழத் தொடங்கினார்கள். டாக்டர் அன்னா டெங்கல், சிக்காகோ நகரைச் சேர்ந்த டாக்டர் ஜோவன்னா லயன்ஸ், செவிலியர் ஈவ்லின் ஃபிளீகர், செவிலியர் மேரி உல்பிரிக் ஆகிய நால்வரே கத்தோலிக்க மருத்துவ மறைபரப்புச் சபையின் தொடக்கம். நால்வரும் தங்கள் முழு வாழ்க்கையையும் நோயாளருக்குக் கொடுக்க முன்வந்தார்கள். ஆனால் மற்றச் சபைக் கன்னியரைப் போலப் பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. கொடுத்தால் மருத்துவம் செய்யமுடியாதே! சட்டம் மாறும்வரை இப்படியே இருக்கிறோம் என்று பொறுமையோடு ஏற்றுக்கொண்டார்கள். கன்னியரைப் போலவே வாழ்ந்தும் கன்னியர் என்ற பெயர் இல்லாமல் பதினோரு ஆண்டுகள்!

1927இல் ராவல்பிண்டியில் திருக்குடும்ப மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்னா விட்டுவந்த அதே ஊர். நடுவில் மூன்று ஆண்டுகள். அந்த மூன்று ஆண்டுகளில் அவரைத் தேடி வந்திருக்கக்கூடிய தாய்மாரை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. ஆனால் அவர் தனியாகத் திரும்பவில்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பயிற்சி பெற்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராக அந்த ஊருக்கு வந்துகொண்டே இருந்தார்கள். ஒருவர் நோயுற்றால் மற்றவர் இருந்தார். கதவு மூடவில்லை.

1936ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், அதாவது லூர்து மாதா திருநாளன்று, உரோமையிலிருந்து உத்தரவு வெளியாயிற்று. பாப்பரசர் பதினோராம் பத்திநாதரின் காலம் அது. மறைபரப்பு நாடுகளில் கன்னியர் மருத்துவம் படிக்கலாம், பிரசவமும் பார்க்கலாம். அதற்குப் பின் எத்தனை கன்னியர் மருத்துவர்களாகவும் செவிலியராகவும் பிரசவ அறைகளுக்குள் நுழைந்தார்கள்! இன்று நம்மில் பலர் கன்னியர் நடத்தும் மருத்துவமனைகளில் பிறந்தவர்கள்தாம். என்னையும் முதலில் கையில் ஏந்தியவர் ஒரு சிஸ்டர் என்று அம்மா அடிக்கடி சொல்வார்கள். 1936க்கு முன் தனி அனுமதி இல்லாமல் அது நடந்திருக்க முடியாது என்பது இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்வரை எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

அன்னா இப்போது அன்னை டெங்கல் ஆனார். சபை வளர்ந்தது. பாட்னாவிலும், டாக்காவிலும், கராச்சியிலும், 1953இல் டில்லியிலும் திருக்குடும்பம் என்ற அதே பெயரில் மருத்துவமனைகள் தோன்றின. ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்றார்கள். 1945இல் அவர் எழுதிய நூலில் மருத்துவ மறைபரப்புப் பணியைப் பற்றி ஒரு கருத்தைத் துணிவாகச் சொல்லியிருக்கிறார். ஐரோப்பியர் பிற நாட்டு மக்களை அடக்கி ஆண்டு அவர்கள் செல்வத்தைச் சுரண்டினார்கள், இந்தச் சேவை அந்தக் கடனில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதே என்பது அவர் கருத்து. அதாவது அவர் செய்தது தானம் அன்று, கடன் அடைப்பது! தானம் செய்கிறவர் நன்றியை எதிர்பார்க்கலாம், கடனைக் கட்டுகிறவர் எதிர்பார்க்க முடியுமா? வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர், இந்தியா விடுதலை பெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே இப்படி எழுதியிருக்கிறார் என்பதைப் பார்த்து எங்கள் வரலாற்று ஆசிரியை வியந்துபோனார்.

1948ஆம் ஆண்டு நடந்த ஒன்றை இங்கே சொல்லவேண்டும். அந்த ஆகஸ்டு மாதம் கல்கத்தாவில் லொரேட்டோ கன்னியர் மடத்தைவிட்டு, நீலக்கரை போட்ட வெள்ளைச் சேலை உடுத்தி, ஒரு சிஸ்டர் தனியாக வெளியேறினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்த இடத்திலிருந்து விடைபெற்ற அந்தச் சிஸ்டர்தான் பின்னாளில் உலகம் போற்றிய அன்னை தெரேசா. சேரிகளுக்குள் போகுமுன் நோயாளரைப் பராமரிக்கக் கற்றுக்கொள்ள அவர் சென்ற இடம், பாட்னாவில் இருந்த அன்னை டெங்கலின் கன்னியர் மருத்துவமனை. தம் சபைச் சகோதரிகள் ஏழைகளைப் போலவே சோறும் உப்பும் மட்டும் உண்டு வாழ்வார்கள் என்று அன்னை தெரேசா திட்டமிட்டிருந்தார். அன்னை டெங்கல் அதை ஏற்கவில்லை. கடினமாக உழைக்கவேண்டிய இளம் பெண்களுக்குச் சத்தான உணவு கொடுக்காவிட்டால் அவர்கள் நோயில் விழுவார்கள், அது பாவம் என்று கண்டிப்பாகச் சொன்னார். அன்னை தெரேசா கேட்டுக்கொண்டார். கல்கத்தாவில் அவருடைய சகோதரிகள் நன்றாகச் சாப்பிட்டு உழைத்ததற்கு இந்த அறிவுரை ஒரு காரணம். ராவல்பிண்டியில் உடம்பை மறந்து உழைத்து விழுந்தவர்தான் இதைச் சொல்லமுடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

(எங்கள் விடுதியில் தவக்காலத்தில் காலை உணவை ஒதுக்கிவிட்டு வழிபாட்டில் மயங்கி விழும் தோழியர் இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும்!)

1947இல் தேசம் பிரிந்தபோது ராவல்பிண்டி பாகிஸ்தானில் சேர்ந்தது. கன்னியர் அங்கேயே இருந்து பணிசெய்தார்கள். காலப்போக்கில், பல ஊர்களில் தாங்கள் கட்டி வளர்த்த மருத்துவமனைகளை உள்ளூர்த் திருச்சபையிடமும் அரசிடமும் ஒப்படைத்துவிட்டு, வேறு பணிகளுக்குச் சென்றார்கள். ராவல்பிண்டித் திருக்குடும்ப மருத்துவமனை 1977இல் பஞ்சாப் மாகாண அரசின் வசம் ஆனது. இன்று அது பெரிய அரசு மருத்துவமனை. மருத்துவ மாணவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. இயேசு மரி சூசை என்னும் திருக்குடும்பத்தின் பெயரால் அழைக்கப்படும் கட்டடத்தில், ராவல்பிண்டியின் இஸ்லாமியத் தாய்மார் இன்றும் பிள்ளை பெறுகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் கட்டிக்காத்ததைக் கைவிட்டுப் போவது சிஸ்டர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்போது அன்னை டெங்கல் உயிரோடுதான் இருந்தார். முந்தின ஆண்டு பக்கவாதம் தாக்கி, உரோமையில் நோயாளியாக இருந்தார்.

சபைத் தலைமையிலிருந்து அவர் 1967இலேயே இறங்கிவிட்டார். நாற்பத்திரண்டு ஆண்டுகள் தலைமை தாங்கியவர், பின் சாதாரணச் சகோதரியாக வாழ்ந்தார். அதுவும் ஒரு விடைபெறுதல்தான் என்று நூலகச் சிஸ்டர் சொன்னார்கள். நான் அதை யோசித்திருக்கவில்லை.

1980 ஏப்ரல் 17ஆம் நாள், தமது 88ஆம் வயதில் அன்னை டெங்கல் உரோமையில் இறந்தார். வத்திக்கானில் ஜெர்மானியருக்கென உள்ள பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மேலே கொடுத்த தேதிகளை நினைவில் வைத்திருப்பவர்கள் கவனித்திருப்பார்கள். ஆக்னஸ் மக்லாரன் இறந்ததும் ஏப்ரல் 17ஆம் நாள்தான். 1913க்கும் 1980க்கும் இடையே அறுபத்தேழு ஆண்டுகள். ஒருவரையொருவர் ஒருமுறைகூடக் காணாத இருவர்!

இனி என் கோபத்தைப் பற்றி. அது முழுவதும் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். எங்கள் விடுதியின் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இன்னமும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் அக்கா வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்க்கிறாள். அவளுக்கு 1936ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிச் சொல்லி என்ன பயன்? ஆனால் அன்று படிப்பறையில் உட்கார்ந்திருந்தபோது நான் ஒன்றைக் கேட்டேன், கேட்காததுபோல் இருந்துவிட்டேன். வண்டி புறப்படுமுன் அக்கா இரண்டு முறை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சரியான உச்சரிப்போடு கூப்பிட்டார், ‘ழ’கரம் உட்பட.

ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அவர் விடுதிக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து பதில் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கட்டுரையை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாசிரியையிடம் கொடுக்கவேண்டும். கொடுத்துவிட்டு, சனிக்கிழமை படிப்பு நேரத்தில் தனியாக எழுத உட்காரலாம் என்று இருக்கிறேன். முகவரியை நூலகச் சிஸ்டரிடம் வாங்கிவிட்டேன்.